பத்து வெள்ளிப் பரிசும் பக்கத்து மேசைச் சண்டையும்

அலுவலக நிர்வாகி என்பவர், வேறு யாரும் சொந்தம் கொண்டாடாத வேலைகளுக்கெல்லாம் சொந்தக்காரர். பிரிண்டரில் காகிதம் சிக்கினால் அவரைக் கூப்பிடுவார்கள். கழிப்பறையில் சோப்பு தீர்ந்தாலும் அவரைத்தான். பிறந்தநாள் கேக்கில் பெயர் தப்பாக வந்தால் சொல்லவே வேண்டாம். டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் பரிசுப் பரிமாற்றமும் சேர்ந்துகொள்ளும். இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்தப் பொறுப்பை ஒரு தடவையாவது சுமந்திருந்தால், நான் மேலே விளக்க வேண்டியதில்லை. வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள், நுரை பொங்க ஆற்றிய பால் டீ, ஆளுக்கொரு தே தாரிக் சொல்கிறேன்.

சுமக்காத புண்ணியவான்களுக்காக: எல்லார் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டின்னில் போடுவோம். ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு பரிசு வாங்க வேண்டும். பிரித்துப் பார்க்கும் நாள் வரை யாருக்கு யார் என்பது ரகசியம். கேட்பதற்கு விளையாட்டு மாதிரிதான் இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நடுநிலையான ஆள்

எங்களுடையது ஏர்கான், அதாவது ஏசி, பழுதுபார்க்கும் சின்ன நிறுவனம். அலுவலகம் சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில். வேன்களும் உதிரிபாகக் கிடங்கும் துவாஸில். முந்தின வருடம் வரை பரிசுப் பரிமாற்றத்துக்கு விதி என்று ஒன்றும் கிடையாது. அவரவர் மனசுப்படி வாங்கினார்கள். கணக்குப் பிரிவில் இருக்கும் வசந்தா, தனக்கு வந்த பெயருக்கு ஒரு நல்ல ஹாட்பாக்ஸ் வாங்கி, ரிப்பன் எல்லாம் கட்டிக் கொண்டுவந்தார். வசந்தாவின் பெயர் விற்பனைப் பிரிவு பிரேமுக்குப் போயிருந்தது. பிரேம் கொடுத்தது ஒரு காலண்டர். அதுவும் எங்களுக்குக் கம்ப்ரெஸர் விற்கிற கம்பெனி எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்கிற காலண்டர். மாதத்துக்கு ஒரு கம்ப்ரெஸர் படம்.

 வசந்தா அதைத் தன் மேசைக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். வருகிறவர்கள் என்ன இது என்று கேட்டால், "கிறிஸ்துமஸ் பரிசு" என்பார். பக்கத்து மேசையில் பிரேம் உட்கார்ந்திருப்பார். அன்றிலிருந்து இரண்டு பேரும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. "பாய், அந்த இன்வாய்ஸ் எங்கேன்னு கேளுங்க" என்று வசந்தா என்னிடம் சொல்வார். "ஜமால் அண்ணே, நேத்தே மெயில் பண்ணிட்டேன்னு சொல்லுங்க" என்று பிரேம் என்னிடம் சொல்வார். இடையில் ஒரு பலமான தும்மல் வரும். பிரேமின் நாற்காலி ஏர்கான் வாய்க்கு நேர் கீழே இருக்கிறது. ஊருக்கெல்லாம் ஏர்கான் பார்க்கிற நிறுவனத்தில் எங்கள் ஏர்கானைத் திருப்பிவைக்க யாருக்கும் நேரமில்லை.

நவம்பரில் முதலாளி மிஸ்டர் கோ என்னை உள்ளே கூப்பிட்டார். இந்த வருடமும் சண்டை வந்தால் இனி பரிமாற்றமே கிடையாது, ஆளுக்கொரு வவுச்சர், அத்தோடு சரி என்றார். அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். இனிமேல் நீங்கள்தான் நடத்த வேண்டும் என்றார். ஏன் நான் என்று கேட்டதற்கு, வழக்கமான சிங்கப்பூர் 'லா'வோடு அவர் சொன்ன பதில்:

"நீங்க கிறிஸ்துமஸ் கொண்டாடுறதில்ல ஜமால். அதனால நீங்கதான் நியாயமா செய்வீங்க லா."

எங்களுக்கும் ஒரு சீட்டு

விதிகளை எழுத உட்கார்ந்தேன். இருபது வெள்ளிக்கு (சிங்கப்பூரில் டாலரை அப்படித்தான் சொல்வோம்) மேல் போகக் கூடாது. காசு கொடுத்து வாங்கியதாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது விதியை நான் வாசித்தபோது வசந்தா சுவரைப் பார்த்தார், பிரேம் தரையைப் பார்த்தார்.

அன்று மத்தியானம் கதிரேசன் வந்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், எங்கள் டெக்னீஷியன்களில் மூத்தவர். துவாஸில் தங்குவிடுதியில் இருக்கிறார். வேலைத் தாள்களைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர், என் மேசையில் பிஸ்கட் டின்னையும் பெயர்ச் சீட்டுகளையும் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். ஒவ்வொரு சீட்டாகப் படித்துப் பார்த்தார். "இது மேல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு மட்டுமாண்ணே?" என்றார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. நியாயம் நியாயம் என்று மூன்று பக்கத்துக்கு விதி எழுதியிருக்கிறேன். பாதிக் கம்பெனியின் பெயர் டின்னுக்குள்ளேயே இல்லை.

கதிரேசன் தன் அறைத்தோழர்களான மற்ற டெக்னீஷியன்களிடம் போனில் கேட்டார். எல்லாருக்கும் சம்மதம். ஆனால் இருபது வெள்ளி அவர்களுக்குப் பெரிய காசு என்று தயங்கியபடி சொன்னார். நான் உள்ளே போய் மிஸ்டர் கோவிடம் பேசினேன். டெக்னீஷியன்களையும் சேர்க்க வேண்டும், உச்சவரம்பை எல்லாருக்கும் பத்து வெள்ளியாகக் குறைக்க வேண்டும் என்றேன். அவர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, சரி என்றார். வெளியே வந்து அறிவித்தபோது பிரேமுக்கு மனசே ஆறவில்லை. "பத்து வெள்ளிக்கு சிங்கப்பூர்ல என்னண்ணே கிடைக்கும்?" என்று தும்மலுக்கு நடுவில் கேட்டார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கதிரேசன் திரும்பிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை தேக்கா மார்க்கெட் பக்கம் வாங்க சார், பத்து வெள்ளிக்கு என்னென்ன கிடைக்கும்னு நான் காட்டுறேன்."

எங்கே வைப்பது

டெக்னீஷியன்களும் சேர்ந்தால் எங்கள் மாடியில் நிற்கவே இடம் பத்தாது. போதாக்குறைக்கு, வேலை முடிந்து அவர்கள் ஃபேரர் பார்க் வந்து, திரும்பப் போவதென்றால் பொழுது போய்விடும். ஆகவே சனிக்கிழமை மத்தியானம், வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, துவாஸ் கிடங்கிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அலுவலகக்காரர்களைக் கம்பெனி வேனில் கூட்டிப்போவது என் பொறுப்பு. சாப்பாடும் என் பொறுப்பு. சொல்ல வேண்டுமா!

இதைக் கேட்டதும் ரொஹாயா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கிறவர். பொங்கோலில் வீடு, தீவின் அந்தக் கோடி. துவாஸ் இந்தக் கோடி, தாண்டினால் மலேசியா.

"துவாஸா? அப்ப பாஸ்போர்ட் எடுத்துட்டு வரணுமா ஜமால்?"

அளவு சரியாக இருக்கிறது

அலுவலகத்தில் காலையில் சீட்டு எடுப்பது, மத்தியானம் டின்னைத் துவாஸுக்குக் கொண்டுபோவது என்று ஏற்பாடு. தன் பெயரே வந்தால் உடனே திருப்பிப் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும் என்று உரக்கச் சொல்லியிருந்தேன். எல்லாரும் எடுத்தார்கள். யாருக்காவது சொந்தப் பெயர் வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். மனசுக்குள் ஒரு அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் தேநீர் போடப் போனால், ரொஹாயா போனில் ஒரு ஜோடி வீட்டுச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊதா நிறம், மேலே பூ. "இது நல்லா இருக்கா? பத்து வெள்ளிக்குள்ளதான்" என்றார். அவங்க கால் அளவு தெரியுமா என்று கேட்டேன். தெரியும், என் அளவுதான் என்றார். ஊதா பிடிக்குமா என்றேன். ரொம்பப் பிடிக்கும் என்றார். எனக்கு மெல்ல உறைத்தது. கையை நீட்டினேன். சீட்டைக் கொடுத்தார். அதில் என் கையெழுத்தில், அழகாக, ரொஹாயா என்று இருந்தது. டின் இன்னும் துவாஸ் போகவில்லை. அதுவரைக்கும் தப்பித்தேன். சீட்டைத் திருப்பிப் போட்டு வேறொன்று எடுக்க வைத்தேன். அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"எனக்கு என்ன வேணும்னு என்னைவிட யாருக்கு நல்லாத் தெரியும்? அதான் சும்மா இருந்துட்டேன்."

மாற்றித் தரமாட்டேன்

அதே நாள் சாயங்காலம் எல்லாரும் கிளம்பும் நேரத்தில் வசந்தா என் மேசைக்கு வந்து நின்றார். கையை விரித்தார். சீட்டு கசங்கியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். பிரேம்.

டின்னில் எத்தனை பெயர் இருந்தது, இது ஏன் இவர் கைக்குப் போக வேண்டும்! "மாத்திக் கொடுங்க பாய். ரொஹாயாவுக்கு மாத்திக் கொடுத்தீங்கல்ல?" என்றார். அது சொந்தப் பெயர், விதியிலேயே இருக்கிறது, இது அப்படி இல்லை என்றேன். இவருக்கு மாற்றினால் நாளைக்கு இன்னொருவர் வருவார், டின்னுக்கும் அர்த்தம் இல்லை, எனக்கும் அர்த்தம் இல்லை. உள்ளுக்குள் எனக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டால் தேவலை என்றுதான் இருந்தது. வவுச்சர் ஞாபகம் வேறு. ஆனாலும் முடியாது என்றே சொன்னேன். வசந்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி பாய். அவருக்கும் ஒரு காலண்டர் வாங்கிடறேன். காசு கொடுத்தே வாங்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்குப் போயும் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி நூர்ஜஹான் விஷயத்தைக் கேட்டு வாங்கினாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"காலண்டரோட நின்னா சந்தோஷப்படுங்க. பத்து வெள்ளிக்கு அதைவிட மோசமானதெல்லாம் கடையில கிடைக்குதுங்க."

முதலாளியோடு கடைவீதி

மிஸ்டர் கோவுக்கு வந்த பெயர் செல்வம். புது டெக்னீஷியன், வாய் திறந்து பேசவே மாட்டார். மதிய இடைவேளையில் முதலாளி என்னைக் கூட்டிக்கொண்டு சிராங்கூன் சாலைப் பக்கம் நடந்தார். ரகசியத்தை என்னிடம் உடைத்துவிட்டாரே என்று எனக்குச் சங்கடம். அவருக்கு அதெல்லாம் தோன்றவேயில்லை.

முதலில் பாதுகாப்புக் காலணி வாங்கலாம் என்றார். அது பரிசு இல்லை சார், கம்பெனி கொடுக்க வேண்டியது என்றேன். அப்படியானால் ஒரு சிவப்பு உறையில் நல்ல தொகையாக வைத்துக் கொடுத்துவிடுகிறேன் என்றார். பத்து வெள்ளிக்கு மேல் கூடாது என்றேன். நடுத்தெருவில் நின்றுவிட்டார். என் கம்பெனி, என் காசு, என் ஆள், உனக்கென்ன என்றார்.  "அவருக்கு அதிகமாக் கொடுக்கணும்னா சம்பளத்துல கொடுங்க சார். டின்னுல எல்லாரும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது.

அவர் முன்னால் நடந்தார். பூக்கடை தாண்டியது, பாத்திரக்கடை தாண்டியது. பிறகு போனை எடுத்துக் கிடங்கு மேற்பார்வையாளரிடம், அந்தப் பையன் ஓய்வு நேரத்தில் என்ன செய்வான் என்று கேட்டார். கேரம் விளையாடுவான் என்று பதில் வந்தது. கடைசியில் ஒரு சின்னக் கடையில் நல்ல கனமான ஸ்டிரைக்கர் ஒன்றும் ஒரு டப்பா பவுடரும் வாங்கினார். கடைக்காரர் சொன்ன விலை விதிக்குள்ளேயே இருந்தது. வெளியே வந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"பத்து வெள்ளிக்குப் பரிசு வாங்குறது, ஒரு கட்டடம் முழுக்க ஏர்கான் விக்கிறதைவிடக் கஷ்டம் லா."

கத்தி

சனிக்கிழமை வந்தது. துவாஸில் நல்ல வெயில். கிடங்கில் பெட்டிகளை ஒதுக்கி, அட்டை விரித்து, பிரியாணிப் பொட்டலங்களும் வசந்தாவுக்குச் சைவச் சாப்பாடும் அடுக்கிவைத்தேன். செல்வம் ஸ்டிரைக்கரைப் பிரித்ததும் அங்கேயே தரையில் ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தார். முதல் முறையாக அவர் பல்லைப் பார்த்தேன். எனக்குப் பாதி உயிர் வந்தது.

அடுத்து முதலாளியின் முறை. நீளமான பொட்டலம். பிரித்தார். மரக் கைப்பிடி போட்ட காய்கறிக் கத்தி. கிடங்குக்காரர் லிம் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்பது சீனர்களின் நம்பிக்கை. எனக்கு அது தெரியும்; அதை வாங்கிய கதிரேசனுக்குத் தெரியாது. முதலாளி வீட்டில் தானே சமைப்பார் என்று யாரோ சொல்ல, தேடித் தேடி வாங்கியிருக்கிறார். எல்லாரும் அமைதியானதும் ஏதோ தப்பு என்று புரிந்து, எழுந்து நின்றுவிட்டார். முகம் வெளிறிப்போயிற்று. வேலை போய்விட்டது என்றே நினைத்தாராம், பின்னால் சொன்னார்.

மிஸ்டர் கோ கத்தியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரலால் கூர் பார்த்தார். பிறகு கால்சட்டைப் பையைத் துழாவி ஒரு நாணயத்தை எடுத்துக் கதிரேசனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார். அவர் சொன்னதை நான்தான் தமிழில் எடுத்துச் சொன்னேன்.

"இப்ப இது பரிசு இல்ல, உங்ககிட்ட நான் விலைக்கு வாங்கினது. அடுத்த வருஷமும் நீங்க இங்கதான் வேலை பார்க்கணும்."

மெரூன் நிறக் குல்லா

பிரேமின் பொட்டலம், மேலே வசந்தாவின் பெயரோடு, மெத்தென்று இருந்தது. காலண்டர் இல்லை என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. நூர்ஜஹான் சொன்ன 'அதைவிட மோசமானது' என்னவாக இருக்கும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வசந்தா தயிர்சாதத்தைக் கிளறிக்கொண்டே, இந்தப் பக்கம் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே கம்பளிக் குல்லா. மெரூன் நிறம். குளிர் தேசத்துக்குப் போகிறவர்கள் போடுகிறார்களே, காது, கழுத்து எல்லாம் மூடி முகம் மட்டும் தெரிகிற மாதிரி, அது. யாருக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. முப்பத்திரண்டு டிகிரி வெயிலில் ஒரு ஆளுக்குக் கம்பளிக் குல்லா கொடுத்தால் அது கேலியா, அக்கறையா? முதலாளி என்னைப் பார்த்தார். வவுச்சர் அவர் கண்ணிலேயே தெரிந்தது.

பிரேம் குல்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையில் மாட்டிக்கொண்டார். காதை இழுத்துவிட்டுக்கொண்டார். நேராக வசந்தாவைப் பார்த்து, ஒரு வருடம் கழித்து, முதல் தடவையாகப் பேசினார். "அக்கா, நான் தும்முறது உங்களுக்குக் கேட்டுக்கிட்டேவா இருந்துச்சு?" வசந்தா சாப்பாட்டை விட்டு நிமிரவில்லை. "பக்கத்துல உட்கார்ந்திருக்கேன், கேக்காம என்ன? காதை மூடினா தும்மல் நிக்கும்" என்றார். பிரேம் அவர் அருகே போய் அட்டையில் உட்கார்ந்தார். போன வருடம் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம் என்றும், பரிசு நாளே மறந்துபோய் அன்று காலையில் கையில் கிடைத்ததைச் சுற்றிக் கொண்டுவந்ததாகவும் சொன்னார். இதை அப்பவே சொல்றதுக்கென்ன என்று வசந்தா கேட்டார். நீங்க பேசவே விடலையேக்கா என்றார் பிரேம்.  எனக்கு அந்தப் பேச்சு பிரியாணியைவிட ருசியாக இருந்தது. குல்லாவுக்குள்ளிருந்து வேர்வை வழிய, சரிக்கா, அந்தக் காலண்டரைத் திங்கட்கிழமை எடுத்துடலாமா என்று பிரேம் கேட்டார்.

"இன்னும் ஒரு வாரம் பாக்கி இருக்குல்ல, வருஷம் முடியட்டும்."

கணக்கில் வராத ஆள்

எல்லாம் முடிந்து காலிப் பொட்டலங்களை அள்ளிக்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. சண்டை இல்லை, அழுகை இல்லை, வெறுங்கையோடு யாரும் நிற்கவில்லை. யாருக்காவது பரிசு வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு குளியல் துண்டுகூட உபரியாக வாங்கிப் பைக்குள் வைத்திருந்தேன். அதற்குக்கூட வேலை வரவில்லை.

அப்போதுதான் செல்வம் வாயைத் திறந்தார். "அண்ணே, உங்களுக்கு என்ன வந்துச்சு?" நான் யோசித்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. நான் யாருக்கும் கொடுக்கவும் இல்லை. எல்லார் பெயரையும் எழுதிய நான், என் பெயரை எழுதவே மறந்திருக்கிறேன். கூட்டத்தில் ஐயோ என்று ஒரு சத்தம். கதிரேசன் தனக்கு வந்த டிபன் கேரியரை என் கையில் திணிக்கப் பார்த்தார். ரொஹாயா உடனே வசூல் போட்டு ஏதாவது வாங்கலாம் என்றார். நான் வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். உண்மையில் எனக்குத் துளிக்கூட வருத்தம் இல்லை. இந்த ஒரு மாதத்தில் நான் யாரிடமும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தது, இது நல்லபடியாக முடிய வேண்டும் என்பதைத்தான். அது வந்துவிட்டது. பிறகு என்ன?

மிஸ்டர் கோ வேனில் ஏறப்போனவர் திரும்பி வந்தார். வவுச்சர் பேச்சு இனி இல்லை, அடுத்த வருடமும் நீங்கள்தான் நடத்துகிறீர்கள் என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து, தோளில் தட்டினார்.

"ஆனா உங்க பேரும் டின்னுக்குள்ள இருக்கணும் ஜமால். பரிசு பிடிக்கலைன்னு குறை சொல்ல உங்களுக்கும் உரிமை வேணும் லா."

ஆக, என் சக நிர்வாகிகளே, வந்தவர்கள் எல்லாரும் தங்கள் பரிசைப் பற்றிக் கொஞ்சம் முணுமுணுத்தபடி, ஆனால் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே வேனில் ஏறினால், பரிமாற்றம் நியாயமாகத்தான் நடந்திருக்கிறது என்று நீங்கள் தாராளமாகப் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.